கெலமங்கலம் பக்கம் பள்ளி, பாலக்கோட்டில் வீடு: ஒரு வருஷம் சம்பளமில்லா விடுப்பு போடலாமா?

பாலக்கோடு டீச்சர் (கேள்வி)

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இடைநிலை ஆசிரியை, 2014-ல் பணியில் சேர்ந்தேன். பிறந்த வீடு சூளகிரி பக்கம் என்பதால் போஸ்டிங்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே அமைந்தது. இப்போது இருப்பது கெலமங்கலத்துக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகிற ஓர் ஈராசிரியர் பள்ளி. கல்யாணம் ஆகி வந்தது பாலக்கோடு. கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, ஷிப்ட் வாரா வாரம் மாறும். பையன் இரண்டாம் வகுப்பு, பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்திருக்கிறது. மாமனார், மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

பாலக்கோட்டில் பஸ் ஏறினால் ராயக்கோட்டையில் ஒரு மாற்று, கெலமங்கலத்தில் இன்னொன்று, அதற்கப்புறம் ஊருக்குள் போக ஷேர் ஆட்டோ, அல்லது அந்தப் பக்கம் போகிற யாருடைய வண்டியாவது. விடிவதற்கு முன்னால் எழுந்து இரண்டு வேளைக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஆனால் மாமனாருக்கு மதியம் களி வேண்டும், அதுவும் சுடச்சுட. காலையில் கிண்டி வைத்தால் மதியத்துக்குள் இறுகிவிடும். மாமியாருக்கு மூட்டு வலி, தோள் வலி, துடுப்பைப் பிடித்துக் கிண்ட முடியாது. அதனால் பெரும்பாலான நாள் அவர் சோற்றையே பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். நான் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் செய்தி எனக்கு வந்துவிடும்.

பள்ளியிலும் சும்மா இருக்க முடியாது. காலை உணவுத் திட்டம் வந்ததில் இருந்து பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்லவே மாட்டேன், ஆனால் என் பையன் சாப்பிட்டுவிட்டுப் போனானா என்று தெரியாமல் இங்கே வரிசையாக உட்கார்ந்து உப்புமா சாப்பிடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மனசு என்னவோ செய்யும். பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, சில பேர் கன்னடம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் இப்போதுதான் பயம் போய்த் தமிழில் பதில் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். நான் லீவு போட்டால் தலைமையாசிரியை ஒருவரே ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு, மாணவர் விவரங்களை ஆன்லைனில் ஏற்றுகிற ஈமிஸ் வேலையையும் பார்க்க வேண்டும்.

பள்ளிக்குள் செல்போன் சிக்னல் கிடையாது. வருகைப் பதிவை ஆப்பில் ஏற்றுவதற்குத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிற்போம். போன மாதம் ஒரு நாள் பாப்பாவுக்கு உடம்பு கொதித்திருக்கிறது, வீட்டில் இருந்து போன் மேல் போன் போட்டிருக்கிறார்கள். மதியம் தொட்டிப் பக்கம் போனபோது மாமியார், கணவர், பையனுடைய பள்ளி என்று தவறிய அழைப்புகள் எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தன. அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டுக் கூட்டி வந்துவிட்டார். கணவர் ஓசூரில் கம்பெனி லைனில் வேலையில் நின்றுகொண்டிருந்தார், அவராலும் வர முடியவில்லை, அதை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் சொன்னார், "பாப்பா ஸ்கூல் போற வரைக்கும் ஒரு வருஷம் சம்பளம் இல்லாம லீவு போட்டுடு." மாமியார் உடனே, "பிரசவ லீவுல ஒரு வருஷம் இருந்தியே, வீடு எவ்வளவு நல்லா இருந்துச்சு" என்றார்.

இவர்கள் என்னைப் பெண் பார்க்க வந்ததே அரசு வேலை என்பதற்காக. வீட்டுக் கடன் தவணை போவதும் என் சம்பளக் கணக்கில் இருந்துதான். அதைப் பற்றிக் கேட்டால், "சமாளிச்சுக்கலாம்" என்கிறார்.

மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம் என்றால், ஒன்றியத்துக்குள், மாவட்டத்துக்குள் எல்லாம் முடிந்து கடைசியில்தான் மாவட்டம் விட்டு மாவட்டம். கணவர் தனியார் கம்பெனி என்பதால் கணவன் மனைவி முன்னுரிமையும் கிடையாது. இதே நிலைமையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? லீவு போட்டால் பின்னால் என்னென்ன பாதிக்கும்?

மலையடிவாரம்

டீச்சர், நானும் உங்கள் ரூட்தான், இன்னும் கொஞ்சம் உள்ளே, அஞ்செட்டி ரோட்டில். லீவு போடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

ஊதியமில்லா விடுப்பு என்றால் அந்த மாதச் சம்பளம் மட்டும் போகும் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். ஆண்டு ஊதிய உயர்வு தள்ளிப் போகும், அது தள்ளிப் போனால் அதற்குப் பின்னால் வருகிற எல்லாமே தள்ளிப் போகும். 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த நாம் எல்லோருமே பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்க்கப்பட்டவர்கள். மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிற 10 சதவீதமும் அந்த ஒரு வருஷம் கணக்கில் சேராது, அரசு பங்கும் வராது. கடன் தவணை மட்டும் உங்களுக்காகக் காத்திருக்காது. "சமாளிச்சுக்கலாம்" என்பவரிடம் எதில் இருந்து என்று கேளுங்கள், சண்டையாக இல்லாமல், பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு.

என் கதை வேறு மாதிரி. நான் 2009-ல் சேர்ந்தவள், அப்போது தகுதித் தேர்வே கிடையாது. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததில் இருந்து அது இல்லாமல் சேர்ந்தவர்களில் ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறவர்கள் எல்லோரும் இரண்டு வருஷத்துக்குள் அந்தத் தகுதித் தேர்வை, அதாவது டெட், பாஸ் பண்ண வேண்டும் என்றாகிவிட்டது. மகள் பிளஸ் டூ, அம்மா டெட். ஒரே மேஜையில் உட்கார்ந்து படிக்கிறோம். அவளுக்கு நான் டீ போட்டுக் கொடுக்கிறேன், எனக்கு யார் போட்டுக் கொடுப்பது என்று ஒரு நாள் கேட்டேன், அன்றில் இருந்து மகன் போடுகிறான். தண்ணியாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை.

இதில் என்ன கடுப்பு என்றால், எங்கள் பள்ளியில் இதே தீர்ப்பில் மாட்டிக்கொண்ட ஆண் ஆசிரியர் ஒருவர் சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நேராகப் புத்தகத்தை எடுத்துவிடுகிறார். நான் புத்தகத்தை எடுக்கிற நேரத்தில் அவர் படித்து முடித்துத் தூங்கியிருப்பார். அதே 150 கேள்வி, அதே மதிப்பெண்.

அப்புறம் யானை. தேன்கனிக்கோட்டையில் இருந்து அஞ்செட்டி வரை காடு, காலையிலும் இருட்டுகிற நேரத்திலும் ரோட்டில் நிற்கும். பஸ் நின்றுவிட்டால் அது நகர்கிற வரை நாமும் நிற்க வேண்டியதுதான். வீட்டுக்குப் போன் போட்டு "யானை நிக்குது" என்றால் முதல் வருஷம் பதறினார்கள், இப்போது "சரி, பாலை நானே காய்ச்சிடறேன்" என்கிறார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் பழகிக்கொள்வார்கள் டீச்சர். நாம் இல்லாமல் நடக்காது என்று நாமே நினைத்து நினைத்துத்தான் அவர்கள் பழகுவது தாமதமாகிறது.

சும்மா ஒரு கருத்து

மன்னிக்கவும், ஆனால் ஆசிரியர்களுக்குத்தானே எல்லா லீவும் இருக்கிறது? காலாண்டு, அரையாண்டு, கோடை, மழை பெய்தால் லீவு. கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்களை நினைத்துப் பாருங்கள்.

மலையடிவாரம்

நினைத்துப் பார்க்கிறோம் சார், என் தங்கை ஓசூரில் கம்பெனியில்தான் இருக்கிறாள். அவளுக்கும் இதே கதைதான், பஸ் மட்டும் கம்பெனி பஸ். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்கு வீடு வீடாகப் போனவர்களில் டீச்சர்களும் இருந்தார்கள், பள்ளி விட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமையிலும். அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. அதற்காக உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் ஒரு டீச்சராக இருந்தால் ஒரு சொம்பு மோர் கொடுங்கள்.

அரூர் ஓய்வு டீச்சர்

பாலக்கோடு டீச்சர், உன்னை "நீ" என்றே சொல்கிறேன், என் பெரிய மகள் வயதுதான் இருக்கும் உனக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004 வரை எல்லாமே தருமபுரிதான். எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். அப்போது மகப்பேறு விடுப்பு 90 நாள். மூன்று மாதக் குழந்தையை விட்டுவிட்டு வகுப்பில் நின்றால் பதினோரு மணிக்கெல்லாம் பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட் நனைந்துவிடும், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பேன். என் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பள்ளிக்கு வெளியே புளியமரத்தில் தூளி கட்டி உட்கார்ந்திருப்பார். இடைவேளை மணி அடித்ததும் ஓடுவேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் தூளியைப் பார்த்து "இது என்ன" என்றார். "குழந்தை சார்" என்றேன். வேறு என்ன சொல்வது.

அப்புறம் 2011-ல் அது ஆறு மாதம் ஆயிற்று, 2016-ல் ஒன்பது, 2021 ஜூலையில் இருந்து ஒரு வருஷம். சும்மா வந்ததில்லை, சங்கத்தில் பெண்கள் கேட்டுக் கேட்டு வந்தது. இப்போது தகுதிகாண் பருவத்திலும் அதைச் சேர்த்துக் கணக்கிடுவதாக அறிவித்திருக்கிறார்கள். மூன்றாவது பிரசவம் என்று விடுப்பு மறுக்கப்பட்ட ஒரு டீச்சர் உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம் ஜெயித்தாரே, அவரும் நம் தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி டீச்சர்தான். முதல் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகள் இரண்டு பேரும் அப்பாவிடம் இருக்க, மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு இல்லை என்றார்கள். அந்தத் தீர்ப்பு வந்த நாளில் எங்கள் ஓய்வு டீச்சர் குரூப்பில் நிலக்கடலை உருண்டை படம் போட்டுக் கொண்டாடினோம். வயதானால் இப்படித்தான்.

ஆனால் குழந்தை பிறந்த ஒரு வருஷத்துக்குத்தான் இது எல்லாமே. இரண்டு வயதில் காய்ச்சல் வராதா, ஏழு வயதில் அம்மை போடாதா? மத்திய அரசில் வேலை பார்க்கிற பெண்ணுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள், கேந்திரிய வித்யாலயா டீச்சருக்கும் உண்டு. நம் மாநில அரசு டீச்சருக்கு அது கிடையாது. 12 நாள் தற்செயல் விடுப்பை வைத்துக்கொண்டு காய்ச்சல், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றையும் ஓட்ட வேண்டும். அது தீர்ந்தால் மிஞ்சுவது கொஞ்சம் ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, இல்லாவிட்டால் சம்பளமில்லாத விடுப்பு. உன் கணவர் கேட்கிற இந்த ஒரு வருஷத்துக்கு நியாயமாக ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும், அதற்குச் சம்பளமும் இருந்திருக்க வேண்டும். இல்லை. அது வேறு சண்டை, அதைத் தெருவில் போட வேண்டும், வீட்டில் போட்டுப் பிரயோஜனம் இல்லை.

இப்போது உன் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். "பிரசவ லீவுல வீடு நல்லா இருந்துச்சு." இருக்காதா பின்னே? அந்த ஒரு வருஷம் நீ வீட்டில் முழு நேர வேலை பார்த்தாய், அதற்கு அரசாங்கம் உனக்கு முழுச் சம்பளம் கொடுத்தது. மகன் சம்பளம், மருமகள் சம்பளம், மதியம் சுடச்சுடக் களி, மூன்றும் சேர்ந்து இருந்த வருஷம் அது. இப்போது அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் பார் என்கிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உன் சம்பளம் கேட்காமலே முதல் தேதி வந்து விழும் என்று வீடு பழகிவிட்டது. இரண்டு மாதம் வராமல் போனால்தான் உறைக்கும். அதற்குள் உன் பாதி சர்வீஸ் போய்விடும்.

இன்னொன்று. எங்கள் காலத்தில் பதவி உயர்வு வந்தால் ஆண்கள் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வருவார்கள், பெண்கள் பதவி உயர்வு வேண்டாம் என்று உரிமை விடல் எழுதிக் கொடுப்பார்கள். தலைமையாசிரியை பதவி தூரத்து ஊரில் என்றால் யார் போவது, பிள்ளை பத்தாவது படிக்கிறான், மாமியார் படுக்கையில். எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் என்னைவிடக் கெட்டிக்காரிகள். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 தொடக்கக் கல்வியில் முன்னுரிமைப் பட்டியலை ஒன்றிய அளவில் இருந்து மாநில அளவுக்குக் கொண்டு போய்விட்டது. அதனால் பதவி உயர்வில் இன்னும் தூரமாகப் போட்டுவிடுவார்களே என்று பெண்கள்தான் அதிகம் பயந்தார்கள், போராட்டத்துக்கும் வந்தார்கள். ஒரு வருஷ லீவில் ஆரம்பிக்கிறது, அப்புறம் உரிமை விடல், அப்புறம் விருப்ப ஓய்வு. எல்லாவற்றிலும் "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று ஒரே வரியை எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.

நீ சம்பளத்தை யாரிடம் கொடுக்கிறாய்? ஏடிஎம் கார்டு யார் கையில்? இதைக் கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கார்டு உன் கையில் இருந்தால் மதியம் வந்து களி கிண்டி, பாப்பாவுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போக ஒரு அம்மாவை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பாலக்கோட்டில் ஆள் கிடைக்கும். மாமியார் முதலில் "வெளி ஆள் கையால் எப்படி" என்பார். ஒரு வாரம் போனால் இருவரும் சேர்ந்து உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், பேசட்டும்.

டீச்சர் வீட்டுக்காரன்

ஆம்பளை ஒருத்தன் பேசலாமா? என் மனைவி பர்கூர் பக்கம் நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை, நான் ஓசூரில் ஷிப்ட். டீச்சர் கணவருக்காகவும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், அவர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. எங்களுக்கு ஒரு நாள் திடீர் லீவு போட்டால் அந்த நாள் சம்பளத்தோடு அட்டெண்டன்ஸ் போனஸும் போய்விடும், சூப்பர்வைசர் முகமும் மாறிவிடும். அதனால்தான் எல்லா அவசரத்துக்கும் "நீ போ" என்கிறோம். ஆனால் அதற்காக ஒரு வருஷம் என்பது அநியாயம்.

நாங்கள் செய்திருப்பதைச் சொல்கிறேன். ஷிப்ட் சார்ட் வந்ததும் சமையல்கட்டு கதவில் ஒட்டிவிடுவேன். முதல் ஷிப்ட் வாரம் என்றால் நான் மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வந்துவிடுவேன், சாயங்காலம் பிள்ளைகள், ராத்திரி சாப்பாடு என் பொறுப்பு. இரண்டாவது ஷிப்ட் வாரம் காலை முழுக்க என்னுடையது. மூன்றாவது ஷிப்ட் வாரம் மட்டும் அவளுக்குக் கஷ்டம், பகலில் நான் பிணம் மாதிரி தூங்குவேன், அந்த வாரம் அவள் அம்மா வருவார்கள். டீச்சர் கணவர் வாரா வாரம் ஷிப்ட் மாறுகிறவர் என்றால் மாதத்தில் பாதி நாளுக்கு மேல் ஏதோ ஒரு வேளை வீட்டில்தானே இருக்கிறார்? அந்த நேரம் யாருடைய கணக்கில் போகிறது?

பிள்ளைகளின் பள்ளியில் முதல் நம்பராக என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம். எல்லாப் பள்ளியிலும் அம்மா நம்பரைத்தான் முதலில் கேட்பார்கள், அம்மாவுக்கு சிக்னலே இல்லாத ஊரில் வேலை என்றால் அந்த நம்பர் இருந்து என்ன பயன்? கம்பெனி உள்ளே செல்போன் எடுத்துப் போக முடியாது என்றால் செக்யூரிட்டி ஆபீஸ் நம்பரோ லைன் லீடர் நம்பரோ கொடுக்கலாம். இது நாளைக்கே செய்யக்கூடியது.

களிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் களி கிண்டுவது நான்தான். ராகி மாவை உலையில் போட்டு இறுகி வருகிற நேரத்தில் துடுப்பைப் போட்டுச் சுழற்ற வேண்டும் பாருங்கள், அதற்குத் தோள் பலம் வேண்டும், அதைப் பெண்கள் வேலை என்று எவன் எழுதி வைத்தான் என்றே தெரியவில்லை. டீச்சரின் மாமனாருக்கு நடக்க முடிகிறது, டீக்கடை வரைக்கும் போகிறார் என்றால் கிண்டவும் முடியும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பதம் சொல்லட்டும். கீரை கடைந்து வைத்துவிட்டுப் போங்கள், போதும்.

ஓசூர் தனியார் பள்ளி டீச்சர்

எல்லோரும் அரசுப் பள்ளி பற்றியே பேசுகிறீர்கள், நாங்களும் டீச்சர்கள்தான். நான் இருப்பது ஓசூரில் ஒரு மெட்ரிக் பள்ளி, பெயர் வேண்டாம். காலை வேனோடு போய் மாலை வேனோடு வர வேண்டும், பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றால் அதற்கு மேலும். 2017-ல் திருத்திய மகப்பேறு சட்டத்தில் 26 வாரம் விடுப்பு என்று வந்தது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் என்றும் வந்தது. நான் கர்ப்பமாக இருந்தபோது எனக்குச் சொன்னது, "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க மேடம், திரும்பி வர்றப்ப இடம் இருந்தா பார்க்கலாம்." திரும்பி வந்தபோது இடம் இருந்தது, ஆனால் புது ஆள் சம்பளம். மகளுக்குப் பாதி ஃபீஸ் என்கிற ஒரு சலுகை இருக்கிறதே, அதுதான் எங்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

அதனால் பாலக்கோடு அக்கா, நீங்கள் போடப் போகிற விண்ணப்பத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கோபத்தில் சொல்லவில்லை. அந்த வேலைக்காக எத்தனை வருஷம் படித்திருப்பீர்கள்?

பாலக்கோடு டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் போட முடியவில்லை, வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது, பேச்சு என்றால் பேச்சும் பேசாமல் இருப்பதும்.

அரூர் அம்மா, கார்டு என் கையில்தான் இருக்கிறது, ஆனால் முதல் வாரத்திலேயே கணக்கில் ஒன்றும் மிஞ்சாது, தவணை, சீட்டு, மாமியார் மாத்திரை. நீங்கள் எழுதியதைக் கணவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன், "பிரசவ லீவுல அரசாங்கம் சம்பளம் கொடுத்துச்சு" என்கிற இடத்தில் போனை வாங்கி அவரே மறுபடி படித்தார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கணக்குப் போட்டோம். ஒரு வருஷ லீவு என்றால் சீட்டை நிறுத்த வேண்டும், அது அவர் தங்கை கல்யாணத்துக்காகப் போடுகிற சீட்டு. லீவு பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. என்னால் நின்றதா, சீட்டால் நின்றதா என்று கேட்டால் சீட்டால்தான். எதனால் நின்றால் என்ன.

செக்யூரிட்டி ஆபீஸ் நம்பரைப் பையன் பள்ளியில் கொடுத்தாயிற்று. களி விஷயத்தில் டீச்சர் வீட்டுக்காரர் அண்ணன் சொன்னதை நான் மாமனாரிடம் சொல்லவில்லை, சொல்ல முடியாது. கணவர்தான் ஒரு நாள் கிண்டிப் பார்த்தார். கட்டி கட்டியாக வந்தது. மாமனார் ஒன்றும் சொல்லாமல் இரண்டு உருண்டை சாப்பிட்டார், நான் வைத்தால் சொல்லியிருப்பார்.

இப்போது புதுப் பிரச்சினை. ராயக்கோட்டையில் வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒரு பஸ் குறையும், அவருக்குக் கம்பெனி பஸ் அங்கேயே வருகிறது, ரயிலும் இருக்கிறது. பெரியவர்கள் பாலக்கோட்டில் இருக்கட்டும், மதியத்துக்கு ஆள் வைத்துவிடலாம், சனி ஞாயிறு நாங்கள் போய்விடுகிறோம். இதைச் சொன்னதில் இருந்து மாமியார் என்னோடு பேசுவதில்லை. தனிக்குடித்தனம் போகத்தான் இத்தனை நாடகமும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறார். கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். மே, ஜூனில் மாறுதல் கலந்தாய்வு வந்தால் விண்ணப்பிப்பேன், கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும். பையனை என் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பில் சேர்த்துவிடலாமா? பக்கத்து நடுநிலைப் பள்ளி வளாகத்தில் அங்கன்வாடியோடு எல்.கே.ஜி. இருக்கிறது, பாப்பாவுக்கும் வயது சரியாக இருக்கும். கணவர் இதற்கு மட்டும் ஒரேயடியாக வேண்டாம் என்கிறார், இங்கிலீஷ் மீடியம் போய்விடும் என்று.

மலையடிவாரம்

சேருங்கள். அடுத்தவர் பிள்ளைக்கு நம் பள்ளி நல்ல பள்ளி என்று ஊருக்குள் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கை கேட்கிறோம், நம் பிள்ளையை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போய்க் கேட்டால் அந்த அம்மாக்கள் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் ஒன்று, உங்கள் வகுப்பிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள், தலைமையாசிரியை எடுக்கிற வகுப்பில் விடுங்கள். என் மகன் என்னிடம் படித்த வருஷம் அவனை எல்லோரையும்விட அதிகமாகத் திட்டியது நான்தான்.

அரூர் ஓய்வு டீச்சர்

பாப்பா விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று வயதுக் குழந்தையை இரண்டு பஸ், ஒரு ஆட்டோவில் தினமும் இழுத்துக்கொண்டு போகாதே. ராயக்கோட்டையிலேயே பக்கத்தில் அங்கன்வாடி பார்.

மாமியார் பேசாததற்குப் பயப்படாதே. வீடு பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போ. "எந்த வீடு நல்லா இருக்கும்னு நீங்கதான் சொல்லணும்" என்று ஒரு வார்த்தை. அவருக்கு ஒரு கட்டில் போட இடம் இருக்கிற வீடாகப் பார்.

ராயக்கோட்டை தக்காளி

இந்தப் பக்கம் எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பேன். ராயக்கோட்டை என்றதும் எழுதுகிறேன். தக்காளி மண்டி இருக்கிற பக்கம் வேண்டாம் சிஸ்டர், சீசனில் லாரிச் சத்தத்தில் குழந்தைகள் தூங்காது. ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் பாருங்கள், உங்கள் வீட்டுக்காரருக்கும் சௌகரியம். வாடகை பேசுவதற்கு முன்னால் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை விடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் நிறைய இடத்தில் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம், பிள்ளைகள் பல்லெல்லாம் பழுப்பாகிவிடும். போர் மட்டும்தான் என்றால் அந்த வீடு வேண்டாம். மே மாதம் பள்ளி விட்டதும் பார்க்க வருகிறவர்கள் அதிகம், இப்போதே பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.